தங்கக் கோட்டைக்குத் தண்ணீர் பகை

ஜோத்பூரில் இரவு ரயில் ஏறிப் படுத்தவர்கள் விடியற்காலையில் குளிர் தாங்காமல் எழுந்து உட்கார்ந்துவிட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாதம், இயற்பியல் மாணவர்கள் இருபது பேரை அழைத்துக்கொண்டு இராஜஸ்தானுக்குக் கல்விச் சுற்றுலா சென்றபோது நடந்தது இது. பாலைவனத்துக்குத்தானே போகிறோம் என்று மெல்லிய சட்டைகளை மட்டும் கொண்டுவந்திருந்தார்கள். துண்டு, வேட்டி, படுக்கை விரிப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் போர்த்திக்கொண்டும் நடுக்கம் நிற்கவில்லை. "பாலைவனம் என்றால் சுடும் என்றுதானே சார் படித்திருக்கிறோம்?" என்று பற்கள் தந்தியடிக்கக் கேட்டான் ஒரு மாணவன்.

நியாயமான கேள்விதான். ஆனால் பாலைவனத்தின் அடிப்படைப் பண்பு வெப்பம் அன்று, வறட்சி. ஒரு கிராம் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்த ஒரு கலோரி வெப்பம் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். உலர்ந்த மணலுக்கு அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கே போதும். எனவே மணல் விரைவில் சூடேறும், விரைவில் குளிர்ந்தும் விடும். இரவில் தரை தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்தை நோக்கி வீசுகிறது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்றிலுள்ள நீராவி அக்கதிர்களை உறிஞ்சி ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்பும். நீராவி நமக்குப் போர்வை. பாலைவனத்துக் காற்றில் அந்தப் போர்வை மிக மெல்லியது. அதனால்தான் பகலுக்கும் இரவுக்கும், கோடைக்கும் குளிர்காலத்துக்கும் அங்கே அவ்வளவு வேறுபாடு. எங்கள் ரயில் நள்ளிரவில் கடந்து வந்த பலோடி என்ற ஊரில் 2016-ஆம் ஆண்டு மே 19-ஆம் நாள் 51 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. அதுவரை இந்தியாவில் எங்கும் அவ்வளவு உயர்ந்த வெப்பநிலை பதிவானதில்லை. அதே ஊரைத்தான் நாங்கள் நடுங்கிக்கொண்டே கடந்தோம்.

இத்தகைய நிலத்தில், மின்விசிறியோ குழாய்த் தண்ணீரோ இல்லாத காலத்தில், மக்கள் கோட்டையும் மாளிகையும் கோயிலும் கட்டிப் பல நூறு ஆண்டுகள் நன்றாகவே வாழ்ந்திருக்கிறார்கள். எப்படி முடிந்தது? அதைப் பார்க்கத்தான் ஜெய்சல்மேருக்குப் போனோம்.

முதல் நாள் ஜோத்பூரைச் சுற்றிப் பார்த்திருந்தோம். ராவ் ஜோதா 1459-ஆம் ஆண்டு நிறுவிய நகரம் அது. மெஹ்ரான்கர் கோட்டை, நீலம் பூசிய வீடுகள், படிக்கிணறுகள் எல்லாம் அழகானவை. அவற்றைப் பற்றி எழுதத் தனிக் கட்டுரை வேண்டும். இங்கே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: மெஹ்ரான்கர் கோட்டை கடினமான எரிமலைப் பாறையின் மேல் நிற்கிறது. ஜெய்சல்மேர் கோட்டைக்கு அந்த நல்வாய்ப்பு இல்லை.

கடலில் பிறந்த கல்

ஜெய்சல்மேர் நிலையத்தில் இறங்கியதும் கோட்டை கண்ணில் பட்டது. சுற்றிலும் தட்டையான வெளி. நடுவே சுமார் 75 மீட்டர் உயரமுள்ள திரிகூடம் என்ற குன்று. அதன் உச்சியில், குன்றிலிருந்தே முளைத்ததுபோல மஞ்சள் நிற மதில். மதிலில் 99 கொத்தளங்கள். காலை வெயில் பட்டதும் மஞ்சள் பொன்னிறமாயிற்று. 'தங்கக் கோட்டை' என்று அழைப்பது மிகையில்லை என்று அப்போது தோன்றியது. சத்யஜித் ரே 1974-இல் எடுத்த 'சோனார் கெல்லா' என்ற வங்காளத் திரைப்படத்தின் பெயருக்கும் இதுதான் பொருள். அந்தப் படத்தின் ஈர்ப்பால் இன்றும் வங்காளிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள்.

பட்டி ராஜபுத்திர மரபைச் சேர்ந்த ராவல் ஜெய்சல் 1156-ஆம் ஆண்டு இந்நகரை நிறுவினார். இந்தியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் இடையே ஒட்டகங்களில் சரக்கேற்றிச் சென்ற வணிகர் கூட்டங்கள் இங்கே தங்கிச் சென்றன. அதனால் செல்வம் சேர்ந்தது. பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் ஒட்டகப் பாதை மெலிந்தது. 1947-இல் எல்லைக்கோடு விழுந்ததும் அடியோடு அறுந்தது.

கோட்டையின் கல்லை வழிகாட்டிகள் மணற்கல் என்பார்கள். நிலவியலாரைக் கேட்டால், ஜெய்சல்மேரின் புகழ்பெற்ற மஞ்சள் கல் சுண்ணாம்புக்கல் வகை என்பார்கள். உற்றுப் பார்த்தால் சில கற்களில் கிளிஞ்சல்களின் தடங்கள் தெரியும். ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசார்கள் வாழ்ந்த ஜுராசிக் காலத்தில், இங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அதன் அடியில் படிந்த சேறும் ஓடுகளும் இறுகியே இந்தக் கல் உண்டாயிற்று. நகரிலிருந்து 17 கிலோமீட்டர் தொலைவில் ஆகல் என்ற இடத்தில், அதற்கும் முந்திய காலத்து மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. இன்று நிழலுக்கு ஒரு மரம் தேட வேண்டிய அந்த இடத்தில் ஒரு காலத்தில் காடு இருந்திருக்கிறது! படிவுப் பாறை அடுக்கடுக்காக அமையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் ஓர் அடுக்கு, மணற்கல் ஓர் அடுக்கு, இடையில் களிமண் ஓர் அடுக்கு. பின்னால் இது வேண்டியிருக்கும்.

சுவருக்குள் நடக்கும் வெப்ப அலை

இந்தியாவின் பெரும்பாலான கோட்டைகள் வெறும் காட்சிப் பொருள்கள். இது அப்படியல்ல. உள்ளே இன்றும் சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். மசாலா அரைக்கும் மணம் வருகிறது, குழந்தைகள் பள்ளிக்குப் போகிறார்கள், மாடு குறுக்கே வந்து நிற்கிறது. சந்துகள் மிகக் குறுகலானவை. இருபுறமும் உயர்ந்த வீடுகள் இருப்பதால் நண்பகலில் சிறிது நேரம் தவிர மற்ற நேரங்களில் தரையில் வெயில் விழுவதில்லை. அகலமான சாலை போட்டால்தான் நகரம் என்று நினைக்கும் நமக்கு இது ஒரு பாடம்.

வீடுகளின் கற்சுவர்கள் அரை மீட்டர் பருமன் உடையவை. சில இடங்களில் அதற்கும் அதிகம். 'பருத்த சுவர் வெப்பத்தைத் தடுக்கும்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது பாதி உண்மைதான். கல் நல்ல வெப்பக் காப்பான் அன்று. அது வெப்பத்தைத் தடுப்பதைவிடத் தாமதப்படுத்துகிறது என்பதே சரி.

பகலில் சுவரின் வெளிமுகம் சூடாகிறது, இரவில் குளிர்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலையைப்போல் சுவருக்குள் மெல்ல நகர்கிறது. கல்லின் வெப்பங்கடத்து திறன், அடர்த்தி, தன்வெப்பம் ஆகியவற்றைக் கொண்டு கணக்கிட்டால், அந்த அலை மணிக்குச் சுமார் 4 சென்டிமீட்டர் வேகத்தில் போகிறது என்று கிடைக்கும். ஆமை இதைவிட வேகமாகப் போகும்! அரை மீட்டர் சுவரைக் கடக்க அதற்கு ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகும். பிற்பகல் இரண்டு மணிக்குச் சுவரின் மேல் விழுந்த உச்ச வெப்பம் உள்ளே வந்து சேரும்போது இரவு இரண்டு மணி ஆகியிருக்கும். அப்போது வெளியே குளிர்ந்த காற்று வீசும். பகலுக்கான வெப்பம் இரவிலும், இரவுக்கான குளிர்ச்சி பகலிலும் வந்து சேர்கின்றன. அது மட்டுமன்று, போகும் வழியில் அலை சிறுத்துக்கொண்டே வருகிறது. வெளிமுகத்தில் 30 டிகிரி ஏற்ற இறக்கம் இருந்தால் உள்முகத்தில் ஒன்றரை டிகிரிதான் இருக்கும். மேற்கு நோக்கிய சுவர் ஒன்றின் மேல் மாணவர்களை உள்ளங்கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மாலை ஐந்து மணிக்கு வெளியே கதகதப்பாக இருந்த சுவர், அறைக்குள் சில்லென்று இருந்தது. சிமெண்டுத் தளத்தின் கீழே வியர்த்துக் கொட்டும் நமக்கு அது கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கோட்டைக்கு வெளியே நகரில் பட்வா குடும்பத்தார் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஐந்து மாளிகைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சரிகை வணிகத்திலும் வட்டித் தொழிலிலும் பொருள் ஈட்டியவர்கள் அவர்கள். மாளிகை முகப்பில் கல்லைக் குடைந்து செய்த சாளரங்களைப் பார்த்தால் தச்சன் மரத்தில்கூட இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்குவானா என்று ஐயம் எழும். முன்னே நீட்டிய மாடங்களும் செதுக்கல்களும் சுவரின் மீதே நிழலை விழச் செய்கின்றன. வெயில் நேராகப் படும் பரப்பு குறைகிறது.

இங்கே ஒரு தகராறு வந்தது. 'சல்லடைபோன்ற கல் சாளரத்தின் சிறு துளைகளில் காற்று புகும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது, ஆகவே குளிர்கிறது. குளிர்பதனப் பெட்டியின் தத்துவமே இதுதான்' என்று வழிகாட்டி ஒருவர் விளக்கினார். ஜெய்ப்பூரில் 1799-இல் கட்டப்பட்ட ஹவா மஹாலிலும் இதே விளக்கத்தைக் கேட்கலாம். சில நூல்களிலும் அச்சாகியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். காற்று விநாடிக்கு 10 மீட்டர் வேகம் பெற்றாலும், அந்த இயக்க ஆற்றலுக்கு ஈடாகக் குறையும் வெப்பநிலை ஒரு டிகிரியில் இருபதில் ஒரு பங்குதான். எந்தத் தோலும் அதை உணராது. பின் ஏன் அங்கே உட்கார்ந்தால் குளுகுளு என்று இருக்கிறது? சாளரம் வெயிலைத் தடுக்கிறது; காற்றை விடுகிறது. அந்தக் காற்று உங்கள் தோலிலுள்ள வியர்வையை ஆவியாக்குகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாக 500 கலோரிக்கு மேல் வேண்டும். அந்த வெப்பத்தைக் கொடுப்பது உங்கள் உடம்பு. குளிர்வது காற்று அல்ல, நீங்கள்தான்! வழிகாட்டி இதை ஒப்புக்கொள்ளவில்லை. மாணவர்களில் பாதிப் பேரும் அவர் பக்கம்தான் நின்றார்கள்.

வறட்சி தந்த நன்மைகளையும் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் உள்ள சமணக் கோயில் ஒன்றின் நிலவறையில் பழைய நூலகம் ஒன்று இருக்கிறது. 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஓலைச்சுவடிகள்கூட அங்கே காப்பாற்றப்பட்டுள்ளன. நம் நாட்டில் ஓலைகள் சில நூற்றாண்டுகளில் செல்லுக்கும் பூஞ்சைக்கும் இரையாகிவிடுவதால், திரும்பத் திரும்பப் படியெடுத்தே நூல்களைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. ஈரமில்லாத காற்றில் பூஞ்சை எளிதில் வளராது.

ஒரு குடம் தண்ணீரின் விலை

ஜெய்சல்மேரில் ஆண்டு மழை சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. தமிழ்நாட்டின் சராசரி 900-க்கு மேல். மழை குறைவு என்பது ஒரு துன்பம். பெய்த மழையும் நிற்காது என்பது மற்றொரு துன்பம். திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஓராண்டில் வெயிலும் காற்றும் சுமார் 2000 மில்லிமீட்டர் நீரை உறிஞ்சிவிடக்கூடும். வரவைப்போல் பத்து மடங்கு செலவு!

இருந்தும் சமாளித்தார்கள். நகருக்கு வெளியே கடிசர் என்ற ஏரியில் மழைநீரைத் தேக்கினார்கள். வீடுகளில் மூடிய தொட்டிகளைக் கட்டினார்கள். அதைவிடக் கெட்டிக்கார ஏற்பாடு 'கடீன்' என்பது. 15-ஆம் நூற்றாண்டளவில் பாலிவால் பிராமணர்கள் என்ற குடியானவர்கள் இதைப் பரப்பினார்கள். பாறை மேட்டில் விழும் மழை முழுவதும் ஓடிவந்து சேரும் பள்ளத்தில் குறுக்கே மண்கரை போடுவார்கள். தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கும். மண்ணுக்குள் போன நீரை வெயில் அவ்வளவு எளிதில் எடுத்துவிட முடியாது. குளிர்காலத்தில் அந்த ஈரத்தை மட்டும் நம்பிக் கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். பாலிவால்கள் கைவிட்டுப் போன குல்தாரா என்ற ஊருக்கு இன்று சுற்றுலாப் பயணிகள் ஆவி பார்க்கப் போகிறார்கள். கடீனைப் பார்ப்பவர்கள் குறைவு.

இப்போது ஒரு கணக்கு. ஏரிக்கரையிலிருந்து ஒரு பெண் 15 லிட்டர் குடத்தைக் கோட்டைக்கு எடுத்துச் செல்கிறாள் என்று கொள்வோம். உயரம் 75 மீட்டர். நீரை உயர்த்த மட்டும் செய்யப்படும் வேலை 15 × 9.8 × 75, அதாவது சுமார் 11,000 ஜூல். தன் உடம்பையும் சேர்த்து ஏற்றும் உழைப்பு இதைவிடப் பல மடங்கு. ஆகவே குளித்த தண்ணீரில் துணி, துணி அலசியதில் தரை என்று ஒவ்வொரு துளியும் இரண்டு மூன்று முறை பயன்பட்டது. கோட்டைக்குள் வீணாய்ச் சிந்திய நீர் என்று ஏதும் கிடையாது.

1958-ஆம் ஆண்டு இராஜஸ்தான் கால்வாய்த் திட்டம் தொடங்கியது. பின்னாளில் இந்திரா காந்தி கால்வாய் என்று பெயர் பெற்ற இது, பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடும் ஹரிக்கே அணையிலிருந்து புறப்படுகிறது. ஊட்டுக் கால்வாயையும் சேர்த்து 649 கிலோமீட்டர் நீளம். இமயத்துப் பனிநீர் தார் பாலைவனத்துக்கு வந்தது. ஜெய்சல்மேர் வீடுகளில் குழாய் வந்தது. பெண்கள் தலையில் இருந்த குடம் இறங்கியது. இதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. குடம் சுமக்காதவர்களுக்கு அறவே இல்லை.

ஆனால் மேலே சொன்ன 11,000 ஜூல் வேலையை ஒரு குதிரைத்திறன் மோட்டார் 15 விநாடியில் செய்து முடித்துவிடும். கழிப்பறைத் தொட்டியின் கைப்பிடியை ஒருமுறை அழுத்தினால் முக்கால் குடம் போகிறது. சுற்றுலா வளர வளரக் கோட்டை வீடுகள் விடுதிகள் ஆயின. அறைக்கு ஒரு குளியலறை. வந்த நீர் எங்கேயாவது போக வேண்டுமே! இந்தக் கோட்டையைக் கட்டியவர்கள் மழையே அரிதான ஊருக்குத் தக்கபடி வடிகால் வைத்தார்கள், நாள்தோறும் ஓடும் தண்ணீருக்கு அல்ல. பின்னால் போட்ட குழாய்களும் ஒழுகின. நீர் குன்றுக்குள் இறங்கத் தொடங்கியது.

முன்பு சொன்ன களிமண் அடுக்கு நினைவிருக்கிறதா? கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்து மாணவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கரிசல் மண் மழையில் உப்பி, கோடையில் சுருங்கி, வீட்டுச் சுவரில் வெடிப்பு விழச் செய்வதைப் பார்த்திருப்பார்கள். அதே வேலை குன்றுக்குள் நடக்கிறது. நனைந்த களிமண்ணில் துகள்களுக்கு இடையே உள்ள நீர் தன் அழுத்தத்தால் அவற்றை விலக்குகிறது, உராய்வு குறைகிறது, மேலே உள்ள பாரம் வழுக்கப் பார்க்கிறது. தாங்கு சுவர்களுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. சுவருக்குப் பின்னால் 5 மீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கினால், அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 5 டன் எடைக்குச் சமமான விசை வெளிப்புறமாகத் தள்ளும். ஊட்டி, கொடைக்கானல் மலைப்பாதைச் சுவர்களில் வரிசையாகத் துளைகள் விட்டிருப்பது இந்த நீர் வடிவதற்காகத்தான். போதாக்குறைக்கு, ஈரம் கல்லின் நுண்புழைகள் வழியே சுவரில் ஏறுகிறது. மேலே வந்து உலரும்போது உப்பை விட்டுச் செல்கிறது. உப்புப் படிகம் வளர்ந்து கல்லின் தோலை உரிக்கிறது. ஓலைச்சுவடிகளைக் காத்துவந்த வறட்சியும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது.

1996-இல் உலக நினைவுச்சின்ன நிதியம் இக்கோட்டையை அழிவுக்கு ஆளாகக்கூடிய சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 1998-இல் வெளிச்சுவரின் ஒரு பகுதி சரிந்து ஆறு பேர் இறந்தார்கள். 2013-இல் யுனெஸ்கோ இதை இராஜஸ்தானின் மற்ற ஐந்து மலைக் கோட்டைகளோடு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் பெய்த கனமழையில் மதிலின் ஒரு பகுதி மீண்டும் இடிந்தது. மக்களை வெளியேற்றிவிட்டால் கோட்டை பிழைக்கும் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எட்டு நூற்றாண்டுக்கு மேலாக மக்கள் வாழ்ந்ததால்தான் அது இன்னும் ஊராக இருக்கிறது. ஒழுகும் வடிகால்களை மாற்றுவதும், விடுதிகளைக் குன்றுக்குக் கீழே கொண்டுவருவதும் நடக்கக்கூடிய காரியங்கள். நாங்களும் கீழே நகரில்தான் தங்கினோம். நீங்கள் போனாலும் அப்படியே செய்யுங்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம். கம்பளிச் சட்டையை மறக்க வேண்டாம்.

புறப்படுவதற்கு முன் கோட்டைக்குள் ஒரு பெரியவர் எங்களைத் திண்ணைக்கு அழைத்துத் தேநீர் கொடுத்தார். அவர் வீட்டுப் பின்சுவரில் தரையிலிருந்து மேல்நோக்கி ஒரு விரிசல் ஓடியது. அதன் குறுக்கே ஆங்காங்கே பென்சிலால் சிறு கோடுகளும் பக்கத்தில் எண்களும் இருந்தன. இந்தி தெரிந்த மாணவன் கேட்டுச் சொன்னான்: ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும், விரிசலின் நுனி எங்கே நிற்கிறதோ அங்கே அவர் ஒரு கோடு போட்டு ஆண்டை எழுதி வைக்கிறாராம். ஆய்வுக்கூடத்தில் அளவெடுக்கச் சலித்துக்கொள்ளும் என் மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து பார்த்தார்கள். ஒருவன் பையிலிருந்து அளவுகோலை எடுத்து, கடைசி இரண்டு கோடுகளுக்கு இடையே அளந்தான். 11 மில்லிமீட்டர். பெரியவர் அந்த எண்ணைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உள்ளே போய்ப் பென்சிலை எடுத்துவந்து, கோட்டுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டார்.